காவிரிப் படுகையில் வைக்கோலும் தீயும்

நெல் விளையும் வயலில் நெல்லோடு கூடவே விளைவது வைக்கோல். இன்றைய ரகங்களில் ஒரு டன் நெல்லுக்கு ஏறக்குறைய ஒரு டன் வைக்கோல் கிடைக்கும். பழைய நெட்டை ரகங்களில் அது இன்னும் அதிகம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் வயல்வெளியில் மாசி, பங்குனி வெயிலில் காய்ந்து தீப்பிடிக்கக்கூடிய பொருள் இதுதான். காட்டுத்தீயை ஆராய்பவர்கள் தீக்கு மூன்று தேவை என்பார்கள்: எரிபொருள், அதைக் காய வைக்கும் வறட்சி, ஒரு பொறி. கோடையையும் பொறியையும் முழுவதுமாகத் தடுக்க முடியாது. நிலத்தைப் பராமரிப்பவர் கைக்கு அடங்குவது எரிபொருள் ஒன்றே. காவிரிப் படுகையில் வைக்கோலுக்கும் தாளுக்கும் எப்போதும் ஆள் இருந்ததால் அவை வயலில் கிடந்து எரியும் நிலை பெரும்பாலும் வரவில்லை.

கை அறுவடைக் காலத்தில் பயிரைக் கருக்கரிவாளால் தரையை ஒட்டி அறுத்தார்கள். அரி அரியாகக் காய்ந்தது கட்டாகி, தலைச்சுமையாகக் களத்துமேட்டுக்குப் போனது. கையால் அடித்து நெல்லைப் பிரித்த பிறகு, தாளில் ஒட்டியிருந்த மணிகளுக்காக அதைப் பரப்பி மாடு கட்டிப் போரடித்தார்கள். மாட்டின் குளம்பில் மிதிபட்டு மென்மையான வைக்கோலை உதறிக் காயவைத்து, மழைநீர் வழிந்தோடும்படி உச்சியைக் குவித்துப் போர் போட்டார்கள். ஈரத்தோடு அடுக்கினால் நுண்ணுயிர்கள் பெருகி உள்ளே சூடேறும், பூசணம் பிடிக்கும். அதனால் காயவைப்பதில் அவசரம் காட்டியதில்லை. சேற்று உழவுக்குப் பேர்போன உம்பளச்சேரி மாடுகளுக்கு அடுத்த அறுவடை வரை தீனி அந்தப் போர்தான். கூரை வேயவும் வைக்கோல் போனது.

வயலில் மிஞ்சிய தாளும் வீணாகவில்லை. சம்பா, தாளடிப் போகங்களின் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் தெளித்துவிடுவது படுகையின் வழக்கம். மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அவை விளைந்துவிடும். பயறு எடுத்த பிறகு ராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் எனும் இடையர்கள் மந்தைகளோடு வந்து ஆட்டுக்கிடை போட்டார்கள். பகலில் ஆடுகள் தாளையும் புல்லையும் மேய்ந்தன; இரவில் வயலுக்கு எரு விழுந்தது. ஆட்டெரு அந்த ஆண்டே பலன் தரும், மாட்டெரு மறு ஆண்டுதான் என்பது ஊர்க்கணக்கு. குறுவை அறுத்த வயலில் வாத்துகள் மேய்ந்தன.

இருபதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் இந்த ஏற்பாடு ஒவ்வொன்றாக மாறியது. ஆடுதுறையில் 1922இல் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 1960இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தஞ்சை மாவட்டம் தேர்வானது. 1965இல் ஆடுதுறை வெளியிட்ட ஏடிடீ 27 என்ற குறுகிய கால ரகம் குறுவையைப் பரவலாக்கி, இருபோகத்தை விரிவாக்கியது. பிறகு வந்த குட்டை ரகங்களில் வைக்கோல் குறைந்தது. டிராக்டரும் பவர் டில்லரும் வந்ததும் உழவு மாடுகள் குறைந்தன. 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டுவசதித் திட்டம் போன்றவற்றால் குடிசைகள் கான்கிரீட் வீடுகளாயின. மக்களுக்கு அது நல்ல மாற்றம். ஆனால் கூரைக்கு வைக்கோல் தேவைப்படவில்லை.

மிகப் பெரிய மாற்றம் அறுவடை இயந்திரத்தால் வந்தது. ஆள் தட்டுப்பாடு முற்றியதும் டயர் வண்டியும், ஈர நிலத்தில் இறங்கும் பெல்ட் வண்டியும் மணி வாடகைக்கு ஓடத் தொடங்கின. இயந்திரம் தாளை உயரமாக விட்டு அறுக்கிறது. வைக்கோலைப் பின்னால் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. அதன் தடம் முளைத்த உளுந்தை நசுக்குகிறது; கொட்டிய வைக்கோல் மிச்சத்தை மூடிவிடுகிறது. மாடில்லாத விவசாயிக்கு அது வெறும் இடைஞ்சல். எளிய வழியாகத் தீக்குச்சி தென்படுகிறது.

அந்த நெருப்பில் போவது வைக்கோல் மட்டுமல்ல. நெற்பயிர் எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தில் சுமார் 40 விழுக்காடும், சாம்பல் சத்தில் 80 விழுக்காட்டுக்கு மேலும் வைக்கோலில்தான் தங்குகின்றன. எரித்தால் தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் காற்றில் போய்விடும். மேல்மண்ணின் நுண்ணுயிர்கள் கருகும்; புகை ஊருக்குள் புகும்.

பஞ்சாபில் இந்த வழக்கம் வட இந்தியாவின் பல பகுதிகளைப் புகையில் மூழ்கடித்தது. நிலத்தடி நீரைக் காக்க 2009இல் வந்த சட்டம் அங்கே நடவைத் தள்ளிப்போட்டது. நெல்லுக்கும் கோதுமைக்கும் இடையே சில வாரங்களே மிஞ்சின. காவிரிப் படுகைக்கு அந்த நெருக்கடி இல்லை. குறுவைக்கும் தாளடிக்கும் இடைவெளி குறுகியது என்றாலும், அப்போது நிலம் ஈரமாக இருப்பதால் தாள் சேற்றிலேயே மிதிபடுகிறது. சம்பா அறுவடை முடிந்தால், மேட்டூரில் வழக்கமாக நீர் திறக்கும் ஜூன் 12 வரை நான்கு மாதங்கள் கையில் உண்டு. ஆனால் வேறொரு எச்சரிக்கை உண்டு: மத்தியதரைக் கடல் நாடுகளில் மேய்ச்சலும் சாகுபடியும் கைவிடப்பட்ட மலைச்சரிவுகளில் புதர் மண்டிக் காட்டுத்தீ பெருகியது. ஆடு மாடு விலகிய இடத்துக்குத் தீ வருவது படுகைக்கும் பொருந்தும் பாடம்.

காலநிலை மாறிவரும் நேரத்தில், எரிக்காமல் வைக்கோலை மண்ணில் மடக்கி உழுவதற்கும் காலம் பார்க்க வேண்டும். நீர் நிற்கும் சேற்றில் புது வைக்கோலை அமிழ்த்தினால் மீத்தேன் கிளம்பும். சாகுபடிக்கு 30 நாட்களுக்கு மேல் முன்பே மண்ணில் சேர்த்தால் அந்தச் சேர்ப்பின் தாக்கம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசாங்கக் குழுவின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல். கோடை மழையில் உழுது மட்கவிடும் பழைய கோடை உழவு இதற்கு அப்படியே பொருந்துகிறது.

இப்போது வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரங்கள் வந்துவிட்டன; உருளைகள் லாரியேறி வெளி மாவட்டங்களுக்கும் கேரளத்துக்கும் போகின்றன. அந்த இயந்திரங்களின் வாடகை சிறு விவசாயிக்குக் கட்டுபடியாக வேண்டும். கிடை போட வரும் கீதாரிக்கு ஊரில் இடம் வேண்டும். கோடை உழவுக்கு உதவி வேண்டும். எரிக்கக் கூடாது என்ற தடை உத்தரவு மட்டும் தீயை நிறுத்தாது. வைக்கோலுக்கு மீண்டும் விலை கிடைத்தால், அதை எரிக்க எந்த விவசாயிக்கும் மனம் வராது.