தொடர்கதைக்கு எது தராசு?
கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1954-இல் முடிந்தபோது, அருண்மொழி மகுடத்தை உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்திருந்தான். ராஜராஜனாக அவன் முடிசூடியதோ கி.பி. 985-இல். இடைப்பட்ட அந்தக் காலத்தைத் தொட்டுத்தான் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார்.

பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து எழுதினால் தரத்தை எப்படி அளப்பது? கல்கியின் நடை இருக்கிறதா என்று தேடுவது வெறும் வெளித்தோற்றம். தெலுக் இந்தான்காரர்களுக்கு இது எளிதில் புரியும். அவர்களுடைய சாய்ந்த கோபுரம் வெளியே எட்டு அடுக்கு, உள்ளே மூன்றுதான்!

ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி தெளிவாகச் சொல்லாமல் விட்டார். உடையார்குடிக் கல்வெட்டோ ரவிதாசன் சகோதரர்களைத் துரோகிகள் என்கிறது. அவர்களின் உறவினர் நிலத்தைப் பறிமுதல் செய்ததைச் சொல்லும் அந்தக் கல்வெட்டு ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏன் இத்தனை தாமதம்? அருண்மொழியின் குணம் கெடாமல் இதற்குப் பதில் சொல்லும் கதையே தேறும்.