வருது, போக மாட்டேங்குது

பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜி.எஸ்.டி. சாலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்தவர்கள் ஒரு காலத்தில் ஸ்க்ரூடிரைவரோடு ஒரு டைரியும் சுமந்தார்கள். எனக்கும் ஒன்று இருந்தது. எந்த ஆபீஸுக்கு எந்த மெயில் சர்வர், எந்தப் போர்ட், எல்லாம் அதில்தான்.

அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-இல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் திறந்துவிட்டபோது சென்னைக்காரர்களின் மெயில் முகவரியில் ஜியாஸ்எம்டி01 என்று ஒரு வால் தொங்கும். போனில் எழுத்துக்கூட்டிச் சொல்வதற்குள் மூச்சு வாங்கும். 1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி வந்தது. சத்யம் இன்ஃபோவே கிளம்பியது. டெலக்ஸ், ஃபேக்ஸ் என்றிருந்த பல்லாவரம், குரோம்பேட்டை தோல் ஏற்றுமதிக்காரர்களும் சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலக் கம்பெனிகளும் மெயிலுக்கு மாறினார்கள். எங்களுக்குப் பிழைப்பு வந்தது.

அப்போதைய ராஜா அவுட்லுக் எக்ஸ்பிரஸ். 1997-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4-உடன் வந்து, எக்ஸ்பி காலம் வரை விண்டோஸோடு இலவசமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர், முகவரி, உள்ளே வர பாப் சர்வர், வெளியே போக எஸ்.எம்.டி.பி. சர்வர், யூசர்நேம், பாஸ்வேர்ட் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அத்தனையும் சரியாகத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போனால், மேற்கு தாம்பரம் ஆடிட்டர் போன் செய்வார்: "தம்பி, மெயில் வருது, போக மாட்டேங்குது."

காரணம் ஒரு டிக். வெளியே அனுப்பும் சர்வருக்கும் பாஸ்வேர்ட் வேண்டும் என்பதை வேறொரு ஜன்னலில், சர்வர்ஸ் என்ற தட்டில், கீழே ஒளித்து வைத்திருந்தார்கள். ஸ்பேம் பெருகியதும் பிராட்பேண்ட்காரர்கள் 25-ஆம் போர்ட்டை அடைத்தார்கள். 587-க்கு மாற்ற மறுபடி வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு டிக்குக்கு விசிட்டிங் சார்ஜ் வாங்கியவர்களில் நானும் உண்டு. பெட்ரோல் யார் தருவார்கள்?

தானாக அமைத்துக்கொள்ளும் வித்தைக்கு அப்போதே ஒரு சிறு முன்னோடி இருந்தது. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஓர் அக்கவுண்ட்டை ஐ.ஏ.எஃப். ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யலாம். ஃப்ளாப்பியில் போட்டுப் பத்து மெஷினுக்கும் ஏற்றி, பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் மாற்றுவோம். ஆனால் ஆபீஸோடு வரும் பெரிய அவுட்லுக்குக்கு பி.ஆர்.எஃப். என்று வேறு ஃபைல். ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது.

டைரிக்கு உலை வைத்தது அவுட்லுக் 2007. முகவரியையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் போதும். @ குறிக்குப் பின்னால் இருக்கும் டொமைனின் முன்னே ஆட்டோடிஸ்கவர் என்று சேர்த்து, அந்த இடத்தில் போய் செட்டிங்கைக் கேட்கும். தண்டர்பேர்டும் 2009 டிசம்பரில், மூன்றாம் பதிப்பில், இதைச் செய்தது. ஆனால் அது தேடியது ஆட்டோகான்ஃபிக் என்ற வேறு பெயரை, வேறு ஃபைலை. இது கிடைக்காவிட்டால் மொஸில்லாவின் பொதுப் பட்டியலையும் பார்க்கும். எல்லோருக்கும் பொதுவாக டி.என்.எஸ்.-இலேயே எழுதி வைக்கலாம் என்று 2011-இல் ஆர்.எஃப்.சி. 6186 என்ற இணையத் தர ஆவணம் வழி காட்டியது. அவுட்லுக் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பழைய பதிப்புகளோ எதையும் கேட்காது. ஆகவே ஒரே தோல் கம்பெனியில் முதலாளியின் லேப்டாப் ஒரு நிமிடத்தில் தயாராகும். கணக்கர் மேஜையின் எக்ஸ்பிக்கு டைரி வேண்டும்.

தானாகத் தேடுவதில் வில்லங்கமும் இருந்தது. கம்பெனி டொமைனில் பதில் கிடைக்காவிட்டால் சில மென்பொருள்கள் ஒரு படி மேலேறி, ஆட்டோடிஸ்கவர்.காம் போன்ற யாரோ ஒருவருடைய முகவரியில் போய் பாஸ்வேர்டை நீட்டின. 2021-இல் கார்டிகோர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட டொமைன்களை விலைக்கு வாங்கிக் காத்திருந்தார்கள். ஆட்டோடிஸ்கவர்.இன் என்ற நம் நாட்டு முகவரியும் அதில் ஒன்று. நான்கு மாதத்தில் 3.7 லட்சத்துக்கும் மேற்பட்ட லாகின் விவரங்கள் தானாக வந்து விழுந்தன. கையால் தட்டிய காலத்தில் பாஸ்வேர்ட் ஆடிட்டர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கும். அவ்வளவு தூரம் போகாது.

இப்போது கூடுவாஞ்சேரி எஸ்டான்சியா வளாகத்திலிருந்து ஜோஹோ மெயில் உலகம் முழுக்கப் போகிறது. 2008-இல் தொடங்கிய சேவை. இங்குள்ள சிறு கம்பெனிகளும் அதற்கோ கூகுளுக்கோ மாறிவிட்டன. நான் செய்வது டொமைன் வாங்கிய இடத்தில் லாகின் செய்து ஆட்டோடிஸ்கவருக்கு ஒரு சி-நேம், மெயிலுக்கு எம்.எக்ஸ். என்று நாலைந்து வரி எழுதுவதுதான். வீட்டிலிருந்தே முடிகிறது. விசிட்டிங் சார்ஜ் கேட்டால் "வரவே இல்லையே சார்" என்கிறார்கள்.