வீசிங்குக்குச் சீன மொழியில் என்ன வார்த்தை?

கொஞ்சம் நீளமான த்ரெட். ஓபி முடிஞ்சு டீ குடிக்கிற நேரத்துல படிங்க.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ நடந்தது. அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா. "என்னம்மா பண்ணுது?"ன்னு கேட்டேன். "இளைப்பா இருக்கு தம்பி"ன்னாங்க. நான் கேஸ் ஷீட்டில் எடை குறைவுன்னு எழுதி, டிபி சந்தேகத்தில் சளி டெஸ்ட்டுக்கும் எக்ஸ்ரேவுக்கும் அனுப்பிட்டேன். சாயங்காலம் ரவுண்ட்ஸ் வந்த சீனியர் ஸ்டெத் வெச்சுப் பார்த்தார். நெஞ்சு முழுக்க விசில் சத்தம். அந்த அம்மா சொன்னது மூச்சு இளைப்பு, நான் எழுதினது உடம்பு இளைப்பு. காலையிலேயே வெச்சிருக்க வேண்டிய நெபுலைசரை சாயங்காலம்தான் வெச்சோம்.

ரெண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ். அப்போ லண்டனில் ஆங்கிலத்தில் எழுதின நுரையீரல் நோய் கேள்வித்தாளை குவாங்சோவில் இருக்கிற ஒரு தாத்தாகிட்ட எப்படிக் கேட்பாங்க? அந்தக் கதைதான் இது.

தொடக்கம் சீனாவில் இல்லை, வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில். 1945-ல் கார்டிஃப் பக்கத்தில் நிலக்கரித் தூசி நுரையீரல் நோய்க்குன்னே ஓர் ஆராய்ச்சி மையம் வருது. முதல் இயக்குநர் சார்லஸ் ஃபிளெட்சர். அங்கே வேலை பார்த்த ஆர்ச்சி காக்ரேன் (ஆமா, காக்ரேன் ரிவ்யூ பேர்ல இருக்கிறவரேதான்) 1951-ல் லான்செட்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே மாதிரியான சுரங்கத் தொழிலாளர்களை வேற வேற ஆட்கள் விசாரிச்சா, இருமல், சளி இருக்குன்னு சொல்றவங்க எண்ணிக்கையே ஏகத்துக்கு மாறுது. நோயாளிகள் மாறலை, கேட்ட ஆள்தான் மாறினார். நஷ்ட ஈடு, வேலை எல்லாம் மூச்சு விஷயத்தில் தொங்கிக்கிட்டிருந்த ஊரில் இது சின்ன விஷயம் இல்லைங்க.

அதனால்தான் 1960-ல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் வெளியிட்ட கேள்வித்தாளில் ஒரு கறாரான விதி இருந்தது: அச்சிட்ட வாக்கியத்தை அப்படியே வாசிக்கணும், சொந்தமா விளக்கம் சொல்லக் கூடாது. பிபி பார்க்கிற கருவி மாதிரி, கேள்வியும் ஒரு கருவின்னு ஒத்துக்கிட்டாங்க. சரி, வேற மொழிக்குப் போகும்போது அச்சிட்ட வாக்கியமே மாறிடுமே, அப்போ?

இதுக்கு 1970-ல் ரிச்சர்ட் பிரிஸ்லின் ஒரு வழி சொன்னார். குவாம் தீவுப் பல்கலைக்கழகத்தில் இருமொழி தெரிஞ்ச 94 பேரை, மொத்தம் பத்து மொழிகளில், மொழிபெயர்க்க வெச்சார். ஒருத்தர் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டு வருவார். ரெண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனா பாஸ். இன்னைக்கும் எல்லாத் தீசிஸிலும் இந்த "பேக் டிரான்ஸ்லேஷன்" இருக்கும். எதிக்ஸ் கமிட்டியும் அதைத்தான் கேட்கும்.

நல்ல முறைதான். ஆனா இதில் ஒரு ஓட்டை இருக்கு.

வீசிங்கை எடுத்துக்கோங்க. சீன மருத்துவப் பாடப்புத்தகத்தில் அதுக்கு "ஷியாவ் மிங் யின்"னு அருமையான சொல் இருக்கு. ஸ்டெத்தில் கேட்கிற சத்தம். இதைத் திரும்ப மொழிபெயர்த்தா அச்சு அசலா வீசிங்னே வரும். ரெண்டு மொழிபெயர்ப்பாளரும் படிச்சவங்க, டெஸ்ட் பாஸ். ஆனா கிராமத்துப் பாட்டி அந்தச் சொல்லைப் பேச்சில் கேட்டே இருக்க மாட்டாங்க.

பேச்சு வழக்குச் சொல்லைப் போடலாமே? அங்கேயும் சிக்கல். 14-ம் நூற்றாண்டு வைத்தியர் ஜூ டான்ஷி காலத்திலிருந்து "ஷியாவ்-சுவான்"னு ஒரு நோய்ப் பெயர் உண்டு. பின்னால் வந்தவங்க அதையும் பிரிச்சாங்க: ஷியாவ் என்றால் சத்தம், சுவான் என்றால் மூச்சு வாங்குறது. இன்னைக்கு முழுச் சொல்லும் ஆஸ்துமா என்ற நோயின் பெயர். "உங்க பிள்ளைக்கு ஷியாவ்-சுவான் இருக்கா?"ன்னு கேட்டா அம்மா பதறி "இல்லவே இல்லை"ம்பாங்க. வெறும் சுவான்னு கேட்டா, மாடிப்படி ஏறி மூச்சு வாங்குற எல்லாருமே "ஆமா"ம்பாங்க. ஒரு சொல் ரொம்ப கனம், இன்னொண்ணு ரொம்ப லேசு. நடுவில் விசில் சத்தம் மாட்டிக்கிட்டு முழிக்குது.

ஹாங்காங் பக்கம் பேசுற கான்டனீஸில் "சே ஹா"ன்னு ஒரு நாட்டு வழக்கு இருக்கு. சே என்றால் இழுக்கிறது. நம்ம "இழுப்பு" மாதிரியே! ரெண்டாவது எழுத்தை இறால்னு எழுதுறவங்களும் உண்டு. எனக்கு இந்தச் சொல் ரொம்பப் பிடிச்சது. ஆனா பெய்ஜிங்காரருக்கு இது புரியாது. (இன்னொரு கூத்து: மாண்டரினில் மூச்சுக்குழாய் அழற்சிக்கான "சி குவான் யென்", பொண்டாட்டிக்குப் பயந்தவன் என்கிறதுக்கும் அதே ஒலி. அந்த ஊர் ஓபியில் இந்த ஜோக் தினமும் ஓடும்னு நினைக்கிறேன்.)

இதெல்லாம் சும்மா சொல் விளையாட்டு இல்லை. 1990-களில் ஐசாக்னு ஒரு பிரம்மாண்டமான ஆய்வு நடந்தது. 56 நாடுகள், 13-14 வயசுப் பிள்ளைகள் மட்டுமே 4,63,801 பேர். 1998-ல் முடிவு வந்தப்போ ஆஸ்துமா அறிகுறி அதிகம் இருந்தது பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, அயர்லாந்து. குறைவான பட்டியலில் சீனா, தைவான், நம்ம இந்தியாவும். உடனே வரும் கேள்வி: உண்மையிலேயே நோய் குறைவா, இல்லை கேள்வி புரியலையா? அதிகம் வந்த நாலு நாட்டிலும் வீசிங் என்பது வீட்டுச் சொல் பாருங்க.

இதை முன்கூட்டியே யோசிச்சு ஐசாக் குழு ஒரு வேலை செஞ்சிருந்தது. நியூசிலாந்தின் வெலிங்டனில் உருவான ஒரு வீடியோவைப் பயன்படுத்தினாங்க. ஒரு பிள்ளை சத்தத்தோடு மூச்சு விடும், ராத்திரி எழுந்து உட்கார்ந்து இருமும். "உன் மூச்சு எப்பவாவது இப்படி இருந்திருக்கா?" அவ்வளவுதான் கேள்வி. வீசிங் என்ற சொல்லே கிடையாது.

இன்னொரு நல்ல சோதனையை ஹாங்காங் ஆய்வாளர்கள் செஞ்சாங்க. ஹாங்காங், குவாங்சோ, பெய்ஜிங் மூணு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் ஒப்பிட்டாங்க. ஹாங்காங்கில்தான் வீசிங் அதிகம். முதல் ரெண்டு ஊரிலும் கான்டனீஸ் பேச்சு உண்டு. அப்போ வித்தியாசம் முழுசையும் மொழி மேல போட முடியாது, சூழல்லயும் ஏதோ இருக்கு. சொல்லைச் சரிபார்த்த பிறகுதான் இப்படி தைரியமா பேச முடியும்.

அடுத்தது நெஞ்சு. ஜலதோஷத்தின் கடுமையை அளக்க விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பாரெட் குழு 2002-ல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டது. அதன் 21 கேள்வி வடிவத்தில் தொண்டை வலி தனி, தொண்டைக் கரகரப்பு தனி. சீனத்தில் ரெண்டுக்கும் சொல் இருக்கு, பிரச்சினை இல்லை. மூக்குச் சளிக்கும் நெஞ்சுச் சளிக்கும்கூட அங்கே தனித்தனிச் சொல். நம்மகிட்டதான் எல்லாமே சளி! ஆனா அதே தாளில் "செஸ்ட் கன்ஜெஷன்"னு ஒண்ணு இருக்கு. சீனர் பேச்சில் பக்கத்தில் வர்ற சொல் "ஷியொங் மென்". மென் என்ற எழுத்தைப் பார்த்தா வாசலுக்குள்ள இதயம் அடைபட்டு நிக்கிற மாதிரி இருக்கும். அடைப்பு, புழுக்கம், மனசு பாரம் எல்லாம் அந்த ஒரு எழுத்தில். 1980-களின் தொடக்கத்தில் ஆர்தர் கிளைன்மன் ஹுனானில் நரம்புத் தளர்ச்சின்னு உடம்புத் தொந்தரவோட வந்த 100 பேரை ஆராய்ஞ்சப்போ, பெரும்பாலானோருக்கு இருந்தது டிப்ரஷன். அந்தக் கட்டத்தில் டிக் அடிச்ச சீனருக்கு இருக்கிறது சளியா துக்கமான்னு தாள் சொல்லாது. அதனால்தான் மொழிபெயர்த்த பிறகு நோயாளிகளை உட்கார வெச்சு, "இந்தக் கேள்வியை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?"ன்னு ஒவ்வொண்ணா கேட்கிறாங்க. என்னைக் கேட்டா, பேக் டிரான்ஸ்லேஷனைவிட இந்த ஒரு படிதான் முக்கியம்.

லண்டனின் செயின்ட் ஜார்ஜ் கேள்வித்தாள் சிஓபிடி ஆய்வுகளில் பிரபலம். 50 கேள்விகள், 0 முதல் 100 வரை மதிப்பெண், 4 புள்ளி மாறினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும்னு கணக்கு. அதில் தோட்டத்தில் களை எடுக்கிறது, பனி அள்ளுறது, கோல்ஃப், நாயோட வாக்கிங், சர்ச், பப் எல்லாம் வரும். ஹாங்காங்கில் அடுக்குமாடியில் சின்ன வீட்டில் இருக்கிற தாத்தா எந்தப் பனியை அள்ளுவார்? செய்யாத வேலைக்கு "முடியாது"ன்னு டிக் போட்டா நுரையீரல் கெட்டதாக் கணக்காகும், "பிரச்சினை இல்லை"ன்னு போட்டா நல்லா இருக்கிறதாக் கணக்காகும். 4 புள்ளி இதிலேயே போயிடும். ஹாங்காங் சீன வடிவத்தை பிராங்கியெக்டேசிஸ் நோயாளிகளிடம் சோதிச்சு 2002-ல் வெளியிட்டாங்க.

கடைசியா ஒரு முடிச்சு. ஹாங்காங்கில் எழுதுறது ஒரு சீனம், பேசுறது இன்னொண்ணு. "இல்லை" என்ற சொல்கூட எழுத்தில் வேற, வாயில் வேற. படிக்கத் தெரியாத வயசானவருக்கு நர்ஸ் தாளைப் பார்த்துப் பேச்சு வழக்கில் மாத்தித்தான் சொல்லியாகணும். அந்த நொடியில் யாரும் சோதிக்காத ஒரு புது மொழிபெயர்ப்பு பிறக்குது. ஆளுக்கு ஆள், வார்டுக்கு வார்டு. காக்ரேன் 1951-ல் வேல்ஸில் பார்த்த அதே பிரச்சினை.

நான் இப்போ ஓபியில் "இளைப்பு"ன்னு யார் சொன்னாலும் எழுதுறதுக்கு முன்னாடி, "அது எப்படி இருக்கும், செஞ்சு காட்டுங்க"ன்னு கேட்கிறேன். சிலர் சிரிப்பாங்க, பலர் அப்படியே இழுத்துக் காட்டுவாங்க. உங்க ஊரில் வீசிங்குக்கு என்ன சொல்வாங்க? கணை, முட்டு, இரைப்பு, இழுப்பு இதெல்லாம் என்கிட்ட இருக்கு. வேற இருந்தா ஊர் பேரோட கீழே எழுதுங்க.