ஆய்வுகூடக் கழிவு யார் கைக்குப் போகிறது?

குருதிப் பரிசோதனைக்கு வருபவர்கள் அறிக்கை எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள். எடுத்த குருதியும் குத்திய ஊசியும் பிறகு எங்கே போகின்றன என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மருத்துவ ஆய்வுகூடத்தில் பணியாற்றுபவன் என்ற வகையில், அதுவும் கேட்கப்பட வேண்டிய கேள்வி என்றே நினைக்கிறேன். மேசையில் இருக்கும்வரை ஒவ்வொரு குழாயிலும் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். பையைக் கட்டி வெளியே வைத்த பின்னர், அதைத் தூக்குபவருக்கு எதுவும் தெரியாது.

ஊசி குத்தினால்

ஆய்வுகூட ஆபத்துகளில் முதன்மையானது ஊசி, உடைந்த கண்ணாடி போன்ற கூரான பொருட்கள். தொற்றுள்ள ஒருவரின் குருதி படிந்த ஊசி குத்தினால் எச்.ஐ.வி. தொற்றுவதற்கான வாய்ப்பு 1000 இல் 3 அளவில் உள்ளது. ஹெப்படைட்டிஸ் பி எனும் ஈரல் அழற்சி, தடுப்பூசி போடாத ஒருவருக்கு 100 இல் 6 முதல் 30 வரையான அளவில் தொற்றலாம். எல்லோரும் எச்.ஐ.வி.க்கே பயப்படுகிறார்கள். ஆனால் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். இந்த வைரஸ் காய்ந்த குருதியிலும் குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்புடன் இருக்கும்.

ஆறுதலான விடயம், இதற்குத் தடுப்பூசி உண்டு. வழமையாக 6 மாத காலத்துக்குள் 3 தடவைகள் போடப்படும். ஆய்வுகூடப் பணியாளருக்கு மட்டுமல்ல, கழிவு தூக்கும் தொழிலாளிக்கும் அது கிடைக்க வேண்டும்.

ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, குளோரின் பூசக் கூடாது. உடனே பொறுப்பானவருக்கு அறிவித்து வைத்தியரிடம் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தளவு விரைவாக, 72 மணித்தியாலங்களுக்குள் ஆரம்பித்து 28 நாட்கள் எடுக்க வேண்டும்.

நிறம் சொல்லும் செய்தி

இலங்கையில் சுகாதாரக் கழிவுகளுக்கு நிறக் குறியீடு உண்டு. தொற்றுக் கழிவு மஞ்சள் பைக்குள் போக வேண்டும். ஊசி, பிளேட் போன்றவை சிவப்புக் கோடுள்ள மஞ்சள் நிறக் கடினப் பெட்டிக்குள் போக வேண்டும். பொதுக் கழிவுக்குக் கறுப்பு, உக்கக்கூடியதற்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு. ஊசிப் பெட்டி முக்கால்வாசி நிறைந்ததும் மூடப்பட வேண்டும். பாவித்த ஊசிக்கு மீண்டும் மூடி போடக் கூடாது. அப்போது விரலில் ஊசி குத்திவிடலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் சுகாதாரக் கழிவில் ஏறத்தாழ 85 வீதம் வீட்டுக் குப்பையைப் போன்றது. ஆபத்தானது 15 வீதம் மட்டுமே. அந்த 15 வீதத்தைத் தோன்றும் இடத்திலேயே பிரிக்காவிட்டால் முழுவதும் ஆபத்தான கழிவாகிவிடும். பின்னர் யாராலும் அதைப் பிரிக்க முடியாது.

நான் முன்னர் வேலை செய்த ஓர் இடத்தில், கறுப்புப் பையைத் தூக்கிய தொழிலாளி ஒருவரின் காலில் ஊசி குத்தியது. செருப்புடன் வந்திருந்தார். யாருடைய குருதி என்று தெரியாததால் எதைப் பரிசோதிப்பது என்றும் தெரியவில்லை. மாதக்கணக்கில் அவர் தன் குருதியைச் சோதித்துக்கொண்டே இருந்தார். தொற்று ஏற்படவில்லை. ஆனால் அவர் வீட்டில் அந்த மாதங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். ஊசியை அந்தப் பைக்குள் போட்டவர் யார் என்பது கடைசிவரை தெரியவரவில்லை.

கிருமியும் இரசாயனமும்

ஆய்வுகூடத்தில் மிகவும் ஆபத்தான கழிவு, கிருமி வளர்த்த தட்டுகள். நோயாளியின் சளியில் இருப்பதைவிடப் பன்மடங்கு கிருமிகள் அதில் இருக்கும். எனவே அவற்றை ஓட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸ் நீராவியில் அழித்த பின்னரே வெளியே அனுப்ப வேண்டும்.

குருதி சிந்தினால் கையுறை அணிந்து, கடதாசியால் மூடி, குளோரின் கரைசல் ஊற்றி, குறைந்தது 10 நிமிடங்கள் விட்டுத் துடைக்க வேண்டும். உடைந்த கண்ணாடியைக் கையால் பொறுக்கக் கூடாது.

அதே குளோரின் தவறான இடத்தில் நஞ்சாகும். அமிலத்துடன் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். பி.சி.ஆர். பரிசோதனைக்குப் பாவிக்கும் சில கரைசல்களில் குவானிடின் தயோசயனேட் உள்ளது. அதனுடன் கலந்தால் சயனைட் வாயு உருவாகலாம். சில பரிசோதனைக் கரைசல்களில் உள்ள சோடியம் அசைட், ஈய, செப்புக் குழாய்களில் படிந்து வெடிக்கும் தன்மையுள்ள உப்பாக மாறலாம். போர்மலின் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். ஆகவே எல்லாவற்றையும் தொட்டிக்குள் ஊற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடும் பழக்கம் ஆபத்தானது.

எரித்தால் போதுமா?

திறந்த வெளியில் எரிப்பதும் பள்ளம் தோண்டி மூடுவதும் தீர்வல்ல. குறைந்த வெப்பத்தில் பி.வி.சி. பிளாஸ்டிக் எரியும்போது டையொக்சின் எனும் நச்சு உருவாகும். எரியூட்டியில் குறைந்தது 850 பாகை வெப்பம் தேவை. புகையையும் சுத்திகரிக்க வேண்டும்.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளின்படி, இக்கழிவுகளைக் கையாள மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் அவசியம். தனியார் ஆய்வுகூடங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். சிறிய ஆய்வுகூடம் ஒவ்வொன்றும் தனித்தனி எரியூட்டி வைத்திருக்க முடியாது. அனுமதி பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். அந்தச் செலவை மிச்சம்பிடிக்கும் இடத்தில்தான் மஞ்சள் பை கறுப்புப் பையாக மாறுகிறது.

இது வைத்தியசாலைகளோடு முடியும் விடயமும் அல்ல. வீட்டில் இன்சுலின் ஏற்றுபவர்கள் ஊசியைக் குப்பைக்குள் போடாமல், மூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் போத்தலில் சேர்த்து, கிளினிக் செல்லும்போது எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள். பிரதேச சபை உழவு இயந்திரத்தில் குப்பை ஏற்ற வருபவருக்குப் பல வேளைகளில் கையுறைகூட இருப்பதில்லை.