சாவுக்குச் சாட்சி கேட்ட அரசு



ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த ஒழிப்புக்கு வழிவகுத்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பினத்தவர் ஒன்றியப் படையில் சேர்ந்தார்கள். சுமார் 40,000 பேர் மாண்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் நோயால் இறந்தவர்கள். இந்தச் சிப்பாய்களின் கைம்பெண்கள் ஓய்வூதியத்துக்காகப் பட்ட பாட்டைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1862ஆம் ஆண்டுச் சட்டம் சிப்பாயின் கைம்பெண்ணுக்கு மாதம் 8 டாலர் தந்தது. ஆனால், படைப்பணியில் பட்ட காயத்தாலோ அங்கே பற்றிய நோயாலோதான் கணவர் இறந்தார் என்று அவர் மெய்ப்பிக்க வேண்டும். வீடு திரும்பிப் பல ஆண்டுகள் இருமி இறந்தவருக்கு இதை எப்படி மெய்ப்பிப்பது? மருத்துவரையே பார்க்க வழியில்லாத வீட்டில் மருத்துவச் சான்று ஏது?

அதற்கும் முன்னால், தான் மனைவி என்பதையே அவர் நிறுவ வேண்டியிருந்தது. அடிமைகளின் திருமணத்தைத் தென்மாநிலச் சட்டங்கள் ஏற்கவில்லை. பதிவேடு இல்லாமல் செய்தவர்களே பதிவேடு கேட்டார்கள். 1864 ஏப்ரலில் பில்லோ கோட்டையில் கறுப்பினச் சிப்பாய்கள் படுகொலை செய்யப்பட்டார்கள். அங்கே மாண்ட வெள்ளை மேஜரின் மனைவி மேரி பூத், லிங்கனை நேரில் சந்தித்து இந்த அநீதியை எடுத்துரைத்தார். அந்த ஜூலையில் சட்டம் இளகியது: படையில் சேருமுன் இரண்டாண்டு கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால் போதும் என்றானது. 1866இல் அந்த இரண்டாண்டு நிபந்தனையும் நீங்கியது.

அலுவலகம் மட்டும் இளகவில்லை. சிறப்பு விசாரணையாளர்கள் ஊர் ஊராக வந்தார்கள். வேறோர் ஆணோடு வெளிப்படையாக வாழ்ந்தால் ஓய்வூதியம் ரத்து என்றது 1882ஆம் ஆண்டுச் சட்டம். கைம்பெண்ணின் ஒழுக்கத்தை அண்டைவீட்டாரிடம் விசாரித்தார்கள்.

அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மனும் தப்பவில்லை. அவருடைய கணவர் நெல்சன் டேவிஸ், முன்னாள் சிப்பாய், 1888இல் காசநோயால் இறந்தார். சாவுக்கும் படைப்பணிக்கும் தொடர்பு காட்ட வேண்டியதில்லை என்று 1890இல் சட்டம் மாறிய பிறகே டப்மன் விண்ணப்பித்தார். படைப் பதிவில் கணவரின் பெயர் நெல்சன் சார்லஸ். இருவரும் ஒருவரே என்று சாட்சிகளை நிறுத்த வேண்டியிருந்தது. 8 டாலர் கிடைக்க 1895 ஆனது.

வரலாற்றாசிரியர் டொனால்ட் ஷாஃபர் மாதிரிக் கோப்புகளை எடுத்து எண்ணினார். வெள்ளைக் கைம்பெண்களில் சுமார் 84 சதவீதம் பேருக்கு ஓய்வூதியம் கிடைத்திருந்தது; கறுப்பினக் கைம்பெண்களில் சுமார் 61 சதவீதம் பேருக்கே கிடைத்தது.

அந்தக் கோப்புகள் இன்று வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. யார் யாரை விற்றான், எந்தக் குடிசையில் திருமணம் நடந்தது, பிள்ளை எப்போது பிறந்தது என்று எழுதப்படிக்கத் தெரியாத பெண்கள் சொன்னவை அவற்றில் பதிவாகியுள்ளன. சந்தேகித்துக் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் தந்த பதில்களே இன்று அம்மக்களின் வரலாற்றுக்கு ஆதாரம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சேரிகளிலும் அலுவலகப் படியேறிச் சலித்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த மனுக்களின் நகல்களைச் சேகரியுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். தள்ளுபடியான மனுவும் வரலாற்று ஆவணம்தான்.