பங்காளியைக் கொல்லும் புரதம்

1885இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர், பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்ட நுண்ணுயிர் ஒன்றுக்கு ‘பாக்டீரியம் கோலி கம்யூன்’ என்று பெயர் வைத்தார். ‘கோலி’க்கு மூலம் பெருங்குடலைக் குறிக்கும் ‘கோலோன்’ என்ற கிரேக்கச் சொல். இன்று ஈ.கோலி என்கிறோமே, அதுதான். ‘கோலிசின்’ என்ற புரதப் பெயரின் முன்பாதியும் அதுவே.

பெயர் பிறப்பதற்கு முன்பே பொருள் தெரிந்துவிட்டது. 1925இல் பெல்ஜியத்தின் ஆந்த்ரே கிராசியா, ஒரு கோலி வகை சுரக்கும் ஏதோ ஒன்று இன்னொரு கோலி வகையை வளரவிடாமல் அடிப்பதைக் கவனித்தார். சுரக்கும் வகைக்கு இட்டிருந்த ‘வி’ என்ற எழுத்தைக் கொண்டே அந்தப் பொருளைச் சுட்டினார். 1946இல்தான் அவரும் பியேர் ஃபிரெடெரிக்கும் ‘கோலிசின்’ என்றார்கள்.

எவ்வளவு பொருத்தமான பெயர்! பெனிசிலின், அதைச் சுரக்கும் பூஞ்சையின் பெயரைத் தாங்கியது. அது கொல்வதோ வேறு குலத்தை. கோலிசினைச் செய்வதும் கோலி, அதற்குப் பெரும்பாலும் பலியாவதும் கோலி. ஒரே குடல், ஒரே இரை. பங்கு கேட்பவன்தானே பங்காளி, சண்டையும் அவனோடுதான்.

சண்டை நடக்கும் விதம் இன்னும் வியப்பானது. ‘ஈ3’ என்ற கோலிசினை எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏ. சிதைந்து நெருக்கடி வந்தால் சில செல்கள் அதை உற்பத்தி செய்யத் தொடங்கும். அதை வெளியே விடத் தனி வழி கிடையாது. செல்லே உடைய வேண்டும், சாக வேண்டும். வெளிவந்த புரதம், எதிரி செல் வைட்டமின் பி12ஐ உள்வாங்கப் புறச்சவ்வில் வைத்திருக்கும் ஏற்பியைப் பற்றிக்கொள்ளும். பிழைப்புக்கு வைத்த வாசலே எமனுக்கும் வாசல். உள்ளே போனதும் ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வைக் குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டும். ஒரே வெட்டு, அந்த ரைபோசோமில் புரத உற்பத்தி நின்றுவிடும். உடைந்த செல்லின் உடன்பிறப்புகள் மட்டும் சாவதில்லை. கோலிசினின் வெட்டும் பகுதியை இறுகப் பிடித்து முடக்கும் காப்புப் புரதம் அவற்றிடம் இருக்கிறது. இதை வெறும் நஞ்சு என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. கொல்லும் கருவியும் அதற்கான மாற்றும் அடுத்தடுத்த மரபணுக்களில் எழுதப்பட்டிருக்கின்றன.

கோலி அல்லாத பாக்டீரியாக்களும் இதையே செய்வது தெரிந்தபின் பொதுப்பெயர் தேவைப்பட்டது. 1953இல் பிரான்சுவா ஜாக்கோப், ஆந்த்ரே ல்வோஃப் முதலானோர் ‘பாக்டீரியோசின்’ என்று பெயரிட்டனர். அந்தக் குடும்பத்தில் பெரும்பெயர் எடுத்தது, பாலைப் புளிக்கவைக்கும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் தரும் நைசின். 34 அமினோ அமிலங்களே கொண்ட சிறு பொருள். அந்தப் பாக்டீரியாவை அன்று ‘என்’ தொகுதி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று வகைப்படுத்தியிருந்தார்கள். ‘என் தொகுதியின் தடைப்பொருள்’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1947இல் மேட்டிக்கும் ஹிர்ஷும் இப்பெயரை உருவாக்கினர். சீஸைக் கெடுக்கும் கிளாஸ்ட்ரிடியம் விதைத்துகள்களை முளைத்து வளரவிடாமல் தடுப்பதால், உணவுத் தொழில் அதை விடாமல் பிடித்துக்கொண்டது. அடுத்த முறை பதப்படுத்திய சீஸ் வாங்கினால் அட்டையைப் படித்துப் பாருங்கள்: 234 என்ற எண் இருந்தால் அது நைசின்.