இளைஞர் நீதிக் குழுமம்: விசாரணைக் கால வரம்புகள்

இந்தியாவில் 18 வயது நிறையாதவர் மீதான குற்ற வழக்குகளை இளைஞர் நீதிச் சட்டம், 2015 கால எல்லைக்குள் கட்டுகிறது. பிடிபட்ட சிறாரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அன்று தொடங்கி 4 மாதங்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். குழுமம் காரணங்களை எழுதிவைத்து மேலும் 2 மாதம் வரை நீட்டிக்கலாம்.

அதன் பிறகும் முடியாவிட்டால் என்ன? சிறு குற்றமானால் வழக்கு அத்தோடு முற்றுப்பெறும். தாமதத்தின் பலன் சிறாருக்கே. சட்டத்தின் வலுவான பகுதி இதுதான். பிற குற்றங்களில் தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவர் கூடுதல் அவகாசம் தரலாம்.

16 வயது நிறைந்தவர் கொடிய குற்றத்தில் சிக்கினால், அவரை வயதுவந்தவராகக் கருதி விசாரிக்கலாமா என்ற முதற்கட்ட மதிப்பீடு 3 மாதங்களில் முடிய வேண்டும். உளவியலாளர் அறிக்கை எளிதில் கிடைக்காத இடங்களில் இது கடினம். இந்த 3 மாத வரம்பு கட்டாயமானதல்ல, வழிகாட்டுதலே என்று உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. வரம்பின் பல் அதோடு மழுங்கிவிட்டது.

இத்தகைய வரம்புகள் புதியவையல்ல. ஷீலா பார்சே வழக்கில் 1986இலேயே, 7 ஆண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய குற்றங்களில் புலனாய்வுக்கு 3 மாதமும், குற்றப்பத்திரிகைக்குப் பின் விசாரணைக்கு 6 மாதமும் உச்ச நீதிமன்றம் விதித்தது. இப்போது நிலுவை வழக்குகளைத் தலைமை நடுவர் 3 மாதத்துக்கொருமுறை ஆய்வு செய்கிறார்.